‘நரம்புத் தளர்ச்சி’ என்று சொல்லி விட்டுவிடாதீர்கள்: வயிற்றுப் புற்றுநோய்க்காரரை வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு

மும்பை பரேல் டாடா ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு இரண்டாவது கீமோ ஏற்றிக் கூட்டிவந்து மூன்றாம் நாள். ஜனவரி மாதம், விடியக்காலம் நாலு மணி. தாராவியில் எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் வருகிற நேரம். அப்பா வழக்கம்போல எழுந்து, அரிசி களைவதற்காக டிரம்முக்குள் சொம்பை விட்டிருக்கிறார். சொம்பு தரையில் விழுந்த சத்தத்தில்தான் நான் முழித்தேன். வலது கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஏட்டி, தண்ணியில கரண்டு பாயுது. மொதல்ல மோட்டார நிறுத்து” என்றார்.

மோட்டார் ஓடவே இல்லை. நான் கையை விட்டுப் பார்த்தேன். வெறும் பச்சைத் தண்ணீர். அப்பா மறுபடி ஒரு விரலை மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

விடிந்ததும் பக்கத்து வீட்டு அத்தை வந்து பார்த்துவிட்டு, “இது நரம்புத் தளர்ச்சி, உடம்புல சத்தில்ல” என்றார். மெடிக்கலில் கேட்டதற்கும் அதையே சொல்லி ஒரு சத்து மாத்திரை அட்டையைக் கொடுத்தார்கள். நானும் வாங்கி வந்தேன். அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் எனக்குத் தெரிந்தது இதுதான்: நாம் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று ஒரே வார்த்தையில் சொல்லி மூடிவைப்பதற்குள் ஆறேழு வேறு வேறு சங்கதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, செய்யவேண்டியதும் வேறு. சிலதற்குப் போர்வை போதும். சிலதற்கு அன்று ராத்திரியே ஓட வேண்டும். அந்த வார்த்தையை டாக்டரிடம் சொல்லாதீர்கள். எங்கே, எப்போது, எதற்குப் பிறகு, எவ்வளவு நேரம் என்று சொல்லுங்கள்.

நான் டாக்டரோ நர்ஸோ இல்லை. சயானில் ஒரு சின்ன ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். அப்பா முப்பது வருஷம் சைக்கிளில் இட்லி கொண்டுபோய் விற்றவர். இதில் மருந்தின் அளவு எதையும் சொல்லமாட்டேன், அது உங்கள் டாக்டர் சொல்வது. அவரிடம் எதைக் கேட்பது, வீட்டில் எதைச் செய்வது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். ஆஸ்பத்திரி ஃபைலோடு சேர்த்துக் கட்டிவையுங்கள். என் நோட்டில் ஒரு நாள் இப்படி இருக்கிறது: “காலை 7.10 ஒரு இட்லி. 7.30 வேர்வை, நெஞ்சு படபடப்பு, படுத்ததும் 20 நிமிஷத்தில் சரி. மதியம் 3 மணி முதுகு வலி, பத்துக்கு 6. இரவு இடது கால் பெருவிரல் மரத்தது, செருப்பு கழன்றது தெரியவில்லை.” ஓபிடியில் நமக்குக் கிடைப்பது சில நிமிஷம். அந்த நேரத்தில் “ரொம்ப முடியல டாக்டர்” என்று சொன்னால் அவருக்கு எதுவும் புரியாது. இந்த மூன்று வரியை வாசித்துவிட்டு டாக்டர் மூன்று தனித்தனி காரணம் சொன்னார்.

நோய் வந்தவரின் வார்த்தையை அப்படியே எழுதுங்கள், நீங்கள் திருத்தாதீர்கள். “கரண்டு பாயுது” என்று அப்பா சொன்னதை அப்படியே சொன்னபோதுதான் டாக்டர் நிமிர்ந்து, “பச்சைத் தண்ணீரைத் தொட்டாரா?” என்று கேட்டார்.

முதுகில் வலி, நோய் வயிற்றில்

எல்லாம் தெரிவதற்கு முன்னால் அப்பாவுக்கு இருந்தது முதுகு வலிதான். மேல்வயிற்றில் லேசாக ஒரு அடைப்பு, அதற்கு நேர் பின்னால் முதுகில் குடைச்சல். சைக்கிள் மிதிப்பதால் என்று நினைத்தோம். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ஐந்து மாதம் கேஸ் மாத்திரையும் தைலமும் கொடுத்தார்கள். வாய்வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்க்கிற எண்டோஸ்கோப்பி என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. அந்த ஐந்து மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

வயிற்றின் வலியைச் சுமக்கும் நரம்புகள் நெஞ்சு மட்டத்தில் தண்டுவடத்தில் போய்ச் சேர்கின்றன. முதுகுத் தோலில் இருந்து வருகிற நரம்புகளும் அதே மட்டத்தில்தான் சேர்கின்றன. எது எங்கிருந்து வருகிறது என்று மூளையால் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. போதாததற்கு, வயிற்றுக்குப் பின்னால், பெரிய ரத்தக்குழாயை ஒட்டி சீலியாக் பின்னல் என்று நரம்பு முடிச்சு ஒன்று இருக்கிறது. கட்டி அதைத் தொட்டால் வலி முதுகை ஊடுருவும். ஐம்பதைத் தாண்டியவர், எடை குறைகிறது, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிரம்புகிறது, முதுகும் வலிக்கிறது என்றால் எண்டோஸ்கோப்பி வேண்டும் என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

துளி சதை எடுத்துச் சோதித்த பயாப்ஸி ரிப்போர்ட்டோ ஆபரேஷனுக்குப் பிறகு வரும் ரிப்போர்ட்டோ கையில் இருந்தால் ‘பெரிநியூரல் இன்வேஷன்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். புற்றுச் செல்கள் நரம்பின் உறையை ஒட்டி ஊர்ந்து போயிருக்கின்றன என்று அர்த்தம். பதறவேண்டாம். “இதனால் சிகிச்சையில் எதாவது மாறுமா?” என்று மட்டும் டாக்டரைக் கேளுங்கள்.

நரம்பும் கட்டியும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்கின்றன என்பது நான் பிறகு படித்தது. 2014-ல் எலிகளிடம் செய்த ஆராய்ச்சியில், மூளையில் இருந்து வயிற்றுக்குப் போகும் வேகஸ் நரம்பைத் துண்டித்தபோதும், போடாக்ஸ் போட்டு அதை அடக்கியபோதும் கட்டி வளர்வது குறைந்தது. 2017-ல் இன்னும் தெளிவானது: நரம்பு விடும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் கட்டியைத் தூண்டுகிறது, கட்டியோ நரம்பு வளர்வதற்கான பொருளைச் சுரந்து இன்னும் நரம்புகளை வரவழைக்கிறது. 2025-ல் வலி நரம்புகளும் இதில் பங்கெடுப்பதை, அதுவும் எலிகளில், காட்டினார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், போடாக்ஸ் ஊசி போட்டால் புற்றுநோய் போய்விடுமாம் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். எலிகளில் பார்த்தது மனுஷருக்குப் பலன் தரும் என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை. அதை நம்பி ஒரு கீமோவைக்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று. அப்பா ஒரு ராத்திரி கேட்டார், “நான் ரொம்ப கவலப்பட்டேன்லா, அதனாலயா ட்டி வந்துச்சு?” அம்மா பேரில் கடன், என் கல்யாணம், எல்லாவற்றையும் அவர் எண்ணிக்கொண்டிருந்தார். இல்லை அப்பா என்று சொன்னேன். வயிற்றுப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. அது புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1994-லேயே வகைப்படுத்திவிட்டது. புகை, அதிக உப்பு இவையும் உண்டு. கவலைப்பட்டதால்தான் வந்தது என்று யார் சொன்னாலும், நோயாளி காதுபட அந்தப் பேச்சை வளர விடாதீர்கள்.

பச்சைத் தண்ணீர் ஷாக்

அப்பாவுக்குக் கொடுத்தது ஃப்ளாட் என்கிற நாலு மருந்துக் கீமோ. ஆபரேஷனுக்கு முன்னால் நாலு, பின்னால் நாலு, இரண்டு வாரத்துக்கு ஒன்று. அதில் ஆக்ஸாலிபிளாட்டின் என்று ஒரு மருந்து இருக்கிறது. கரண்டு மாதிரி அடித்தது அதுதான். ஏற்றிய சில மணி நேரத்தில் தொடங்கி ஐந்து, ஆறு நாள் வரைக்கும் நரம்பு நுனிகள் குளிர்ச்சி பட்டாலே கிளர்ந்துவிடும். தொண்டையில் பட்டால் மூச்சே அடைத்ததுபோல் இருக்கும். காற்று போய்வந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் அவருக்கு உயிர் போகிற பயம் வரும். அப்போது வெதுவெதுப்பான துண்டைத் தொண்டையில் சுற்றி, வெந்நீரை ஒரு மடக்கு கொடுத்து, பக்கத்தில் உட்காருங்கள். உதடு வீங்கினால், தோல் தடித்தால், உண்மையிலேயே மூச்சு இரைத்தால் அது ஒவ்வாமை. உடனே ஆஸ்பத்திரி.

நாங்கள் வீட்டில் செய்தது: கீமோ நாளில் இருந்து ஒரு வாரம் ஃபிரிட்ஜை அப்பா திறப்பதில்லை. எவர்சில்வர் டம்ளருக்குப் பதில் பிளாஸ்டிக் டம்ளர், ஏனென்றால் விடியக்காலையில் எவர்சில்வரே சில்லென்று இருக்கும். குளிக்க, வாய் கொப்பளிக்க, கால் கழுவ எல்லாம் வெந்நீர். கீமோ முடிந்து திரும்பும்போது ஏசி லோக்கல் வந்தால் விட்டுவிட்டு அடுத்த வண்டி. பையில் ஒரு மஃப்ளர், ஒரு ஜோடி சாக்ஸ். அரிசி களைவதை நான் எடுத்துக்கொண்டேன். மும்பையில் எங்கே குளிர் என்று நினைக்காதீர்கள், இந்த நரம்புக்கு மே மாதத்து மோர்கூடப் பனிக்கட்டிதான்.

இது வந்துபோகிற தொல்லை. இதன் பின்னாலேயே இன்னொன்று மெல்ல வரும், அது போகாமல் தங்கக்கூடியது. விரல் நுனியும் பாதமும் மரத்துப்போவது. ஐந்தாவது கீமோவுக்குப் பிறகு ஒரு நாள் அப்பா இட்லித் துணியில் இருந்து இட்லியை எடுத்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. துணியின் ஓரம் எது, இட்லியின் ஓரம் எது என்று விரலுக்குத் தெரியவில்லை. நாலு இட்லியைப் பிய்த்துவிட்டுத் துணியை அப்படியே கீழே வைத்துவிட்டார். ஒன்றும் பேசவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு கீமோவுக்கும் முந்தின நாள் இரண்டு சோதனை வைத்தேன். சட்டையின் மேல் பொத்தானைப் பார்க்காமல் போட வேண்டும். சட்டைப்பையில் கைவிட்டு ஒரு ரூபாய் எது, பத்து ரூபாய் எது என்று தடவியே சொல்ல வேண்டும். இதில் தடுமாறினால் அடுத்த கீமோ ஏற்றுவதற்கு முன்னாலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவர் அளவைக் குறைக்கலாம், அந்த ஒரு மருந்தை நிறுத்தலாம். சொன்னால் கீமோவையே நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து பலர் மறைக்கிறார்கள். அப்பாவும் ஒரு தடவை மறைத்தார். மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதம் மரமரப்பு கூடிக்கொண்டே போகலாம், அதனால் முன்கூட்டியே சொல்வது ரொம்ப முக்கியம். எரிச்சலும் வலியுமாக இருந்தால் டுலாக்செட்டின் என்று ஒரு மாத்திரை இருக்கிறது, நமக்கு ஆகுமா என்று கேளுங்கள். மரத்த கைக்கு அடுப்புச் சூடு தெரியாது. இட்லிக் கொப்பரையைத் திறக்கும் வேலையை இன்னொருவர் செய்யட்டும். தினம் ராத்திரி இரண்டு பாதத்தையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள்.

தாதர் வந்தால் வாந்தி

மூன்றாவது கீமோவுக்கு சயானில் வண்டி ஏறினோம். மாட்டுங்கா வரை நன்றாகப் பேசிக்கொண்டு வந்தார். வண்டி தாதருக்குள் நுழைந்தது, அப்பா ஜன்னல் பக்கம் குனிந்துவிட்டார். இன்னும் ஒரு ஊசிகூடப் போடவில்லை. அடுத்த தடவையும் அதே தாதர், அதே வாந்தி. நான் மனசுக்குள் கோபப்பட்டேன், பயப்படுகிறார் என்று நினைத்தேன். இதற்கு முன்கூட்டி வரும் வாந்தி என்றே பெயர் இருக்கிறது. முந்தின கீமோவில் பட்ட பாட்டை மூளை அந்த வாசனையோடும் வழியோடும் சேர்த்து முடிச்சுப்போட்டு வைத்துக்கொள்கிறது. மனத்திடம் இல்லை என்று இதைச் சொல்வது பாவம்.

முதல் கீமோவிலேயே வாந்தியை நன்றாக அடக்கிவிட்டால் இந்த முடிச்சு விழுவது குறைவு. அதனால் முதல் தடவை வாந்தி எடுத்தால் ‘கீமோ என்றால் அப்படித்தான்’ என்று இருந்துவிடாமல் அன்றைக்கே சொல்லுங்கள். முடிச்சு விழுந்துவிட்டால் வழியை மாற்றுங்கள். நாங்கள் ரயிலை விட்டுவிட்டு டாக்ஸியில் போனோம், அப்பா கைக்குட்டையில் எலுமிச்சந்தோலை மடித்து வைத்துக்கொண்டார். முந்தின ராத்திரிக்கும் அன்று காலைக்கும் டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். மெதுவாக மூச்சுவிடுவது, அதாவது நிமிஷத்துக்கு ஆறு மூச்சு, வெளியே விடுவது நீளமாக, இதையும் பழக்கினோம். அது வேகஸ் நரம்பு வழியாகத் துடிப்பைத் தணிக்கும். கட்டியை ஒன்றும் செய்யாது, அவருக்கு நெஞ்சு படபடப்பு அடங்கும்.

வாந்தி மாத்திரையிலும் ஒரு எச்சரிக்கை. மெட்டோகுளோப்ரமைடு போன்றவை சிலருக்குக் கழுத்தை ஒரு பக்கம் இழுத்துவிடும், தாடை இறுகும், உட்காரமுடியாமல் கால் தவிக்கும். சாமி வந்ததோ, வலிப்போ என்று வீட்டில் அலறுவார்கள். மருந்தால் வருவது, ஆஸ்பத்திரியில் ஒரு ஊசியில் சரியாகிவிடும். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள்.

வயிறு எடுத்த பிறகு

அப்பாவுக்கு வயிற்றை, அதாவது இரைப்பையை, முழுதாக எடுத்துவிட்டுக் குடலை மேலே இணைத்தார்கள். வயிற்றோடு வேகஸ் நரம்பின் கிளைகளும் போய்விடும். சாப்பாட்டைத் தேக்கிவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுகிற காவல்காரன் இனி இல்லை. தின்றது நேரே சிறுகுடலில் கொட்டும்.

இதை நான் புரிந்துகொண்டது உடன்குடியில் இருந்து வந்த பெரியம்மாவால். வீட்டுக்கு வந்து மூன்றாம் வாரம், தெம்பு வரட்டும் என்று ஊர்க் கருப்பட்டியில் ஒரு டம்ளர் நிறைய சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். அப்பாவும் ஆசையாகக் குடித்தார். கால் மணி நேரத்தில் முகம் வெளுத்து, பனியன் நனைய வேர்த்து, நெஞ்சு அடித்துக்கொண்டது. ஹார்ட் அட்டாக் என்றே நினைத்தோம். டாக்டர் இதை ‘டம்பிங்’ என்றார். இனிப்புத் திரவம் மொத்தமாகக் குடலில் விழுந்ததும் உடம்பின் நீர் அங்கே பாய்கிறது, நரம்புகளும் குடல் ஹார்மோன்களும் ஒரே நேரத்தில் கிளம்பிவிடுகின்றன. இன்னொரு வகை, சாப்பிட்டு ஒரு மணியில் இருந்து மூன்று மணிக்குள் வரும். சர்க்கரை சரிந்து கை நடுங்கும், வாய் குழறும். குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, பிறகு கெட்டியாக எதாவது கொடுங்கள். மற்ற நேரத்தில் குளுக்கோஸ் தண்ணீர், சர்பத், ஜூஸ், கருப்பட்டி எதுவும் வேண்டாம். பார்க்க வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

எங்கள் வீட்டு முறை: ஏழு, ஒன்பதரை, பன்னிரண்டு, இரண்டரை, ஐந்து, எட்டு. ஒரு வேளைக்கு ஒரு இட்லியும் ஒரு அவித்த முட்டையும், அல்லது கெட்டிப் பருப்போடு இரண்டு கரண்டி சோறு. முட்டையை முதலில் தின்னச் சொல்லுவேன். வெறும் இட்லி சீக்கிரம் சர்க்கரையாகிவிடும். தண்ணீரும் தண்ணிச் சாம்பாரும் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் அல்லது பின்னால். சாப்பிட்டதும் இருபது, முப்பது நிமிஷம் தலையணை உயரமாக வைத்துச் சாய்ந்திருக்க வேண்டும். மட்டமாகப் படுத்தால் பித்தநீர் தொண்டைக்கு ஏறும்.

பசிக்காகக் காத்திருக்காதீர்கள். பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் வயிற்றில்தான் சுரக்கிறது. ஊருக்கே பசியாற்றிய மனுஷன் “பசிச்சுத் தின்னு எத்தன நாளாச்சு ட்டி” என்று கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. போனில் ஆறு அலாரம் வைத்தேன்.

பி12 ஊசியை வாழ்நாள் பூராவும் மறக்கக்கூடாது. உணவில் இருக்கிற பி12-ஐ உடம்பு எடுத்துக்கொள்ள வயிறு சுரக்கும் ஒரு பொருள் தேவை. வயிறு இல்லாவிட்டால் அது இல்லை. ஈரலில் சேமிப்பு இருப்பதால் சில வருஷம் ஒன்றும் தெரியாது, பிறகு கால் மரக்கும், இருட்டில் நடை தள்ளாடும், ஞாபகம் குறையும். கீமோவால் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கும்போது உண்மையில் இதுவாக இருக்கும். மெடிக்கலில் கேட்டு வாங்குகிற சத்து மாத்திரை ஊசிக்கு ஈடாகாது. அத்தை சொன்ன சத்துக்குறைவு அப்பாவுக்கு இந்த ஒரு இடத்தில்தான் பொருந்தும்.

வலிக்கு

ஒன்றரை வருஷம் கழித்து நோய் திரும்பியது. முதுகு வலியும் வந்தது. மார்ஃபின் என்றதும் அம்மா அழுதாள், கடைசிக்குத்தான் அதைக் கொடுப்பார்கள் என்று. அப்படி இல்லை. கடும் வலி எப்போது வந்தாலும் அதற்குரிய மருந்துதான் அது. மணி தவறாமல் கொடுங்கள், வலி ஏறும்வரை காத்திருக்காதீர்கள். கூடவே மலம் இளக்கும் மருந்து முதல் நாளில் இருந்தே வேண்டும். எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது, அதற்கென்று அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரியில் வாங்க வேண்டும். அங்கே வலி நிவாரணப் பிரிவு இருந்தால், சீக்கிரமே ஒரு ஃபைல் போட்டுவையுங்கள்.

மார்ஃபின் போதாமல் போனால் சீலியாக் பின்னலில் ஊசி போட முடியுமா என்று கேளுங்கள். படம் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்தி, ஆல்கஹால் விட்டு அந்த நரம்புகளை அடக்குவார்கள். சில மாதம் தாங்கும். அப்பாவுக்குப் போட்டார்கள். பிறகு இரண்டு நாள் எழுந்து நின்றால் தலை சுற்றியது, வயிற்றுப்போக்கும் இருந்தது, இரண்டும் இதில் வருவதுதான். மூன்றாம் நாள் ராத்திரி பத்து மணிக்குப் படுத்தவர் தண்ணீர் வருகிற நேரத்துக்குத்தான் எழுந்தார். நோட்டில் வலி என்ற இடத்தில் 2 என்று அவரே எழுதினார். மரத்த விரலால் எழுதிய எழுத்து, கோணலாக இருக்கிறது.

காத்திருக்கக்கூடாதவை

இரண்டு காலும் திடீரென்று வலுவிழப்பது, சிறுநீர் மலம் அடைவது அல்லது தெரியாமல் போவது. புதிதாக ஓயாத தலைவலியோடு இரட்டையாகத் தெரிவது. வலிப்பு. பல நாள் வாந்தியும் பட்டினியுமாக இருந்தவர் குழம்பிப் பேசி, கண் ஒருமாதிரி அசைந்து, நடை தள்ளாடுவது. கடைசியில் சொன்னது பி1, அதாவது தயமின் என்ற விட்டமின், குறைந்ததால் இருக்கலாம். குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவதற்கு முன்னால் “தயமின் போடணுமா?” என்று கேளுங்கள், அதற்காகவே இதை எழுதினேன். இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் கிளம்பிவிடுங்கள். ஆஸ்பத்திரி ஃபைல், மாத்திரை அட்டைகள், நோட்டு, ஒரு போர்வை, இவை நாலும் எங்கள் வீட்டில் கதவுக்குப் பின்னால் ஒரே பையில் தொங்குகின்றன.